ஒரு போன் போட்டால் போதும்!

உங்களிடம் ஒரு கேள்வி. நீங்கள் லஞ்சம் வாங்கியிருக்கிறீர்களா?

'சீச்சீ!' என்கிறீர்கள். நம்புகிறேன். சரி, கொடுத்திருக்கிறீர்களா? கொஞ்சம் தயங்குகிறீர்கள். 'பத்திரம் பதியப் போனப்போ... வேற வழியில்ல சார்' என்கிறீர்கள். அதையும் நம்புகிறேன்.

மூன்றாவது கேள்வி. 'அண்ணே, அங்கே உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா? ஒரு வார்த்தை சொல்லிவிடுங்களேன்...' என்று எப்போதாவது, யாரிடமாவது கேட்டிருக்கிறீர்களா?

இப்போது சிரிக்கிறீர்கள். 'இதெல்லாம் ஒரு தப்பா சார்? மனுஷனுக்கு மனுஷன் உதவி. பைசா கைமாறலையே!'

அந்த 'பைசா கைமாறலையே'வைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப்போகிறோம். முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஊரைக் குறை சொல்லிவிட்டு நான் மட்டும் நழுவிவிடக் கூடாது, இல்லையா?

சில வருடங்களுக்கு முன்பு என் அப்பாவுக்குத் திடீரென்று உடம்பு சரியில்லாமல் போனது. அரசு மருத்துவமனை ஒன்றில் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். தேதி கேட்டால், பன்னிரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்கள். நிருபர் வேலையில் பழக்கமான ஓர் அதிகாரிக்கு போன் போட்டேன். 'இதுக்கா இவ்வளவு தயங்கறீங்க? அப்பாவைக் கூட்டிட்டு நேரா உள்ளே போங்க' என்றார். போனோம்.

ஸ்கேன் அறை வாசலில் நீளமான பெஞ்ச். அதில் ஒரு பாட்டி, மடியில் மஞ்சள் பையோடு. அப்பாவை நான் கைத்தாங்கலாக உள்ளே அழைத்துப் போகும்போது அவர் கேட்டார்: 'தம்பி, உங்க நம்பர் என்னப்பா? எனக்கு நாலு.'

என்னிடம் நம்பரே இல்லை. 'டாக்டர் வரச் சொன்னார் பாட்டி' என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அப்பா பிழைத்துக்கொண்டார். அந்த அதிகாரிக்கு எத்தனை முறை நன்றி சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

எட்டு மாதம் கழித்து அவரிடமிருந்து போன். 'ஒண்ணுமில்ல தம்பி... எங்க ஆபீஸைப் பத்தி ஏதோ எழுதறீங்கன்னு கேள்விப்பட்டேன். எழுத வேணாம்னு நான் சொல்லலை. கொஞ்சம் பார்த்து...' அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த கேள்வியே, 'அப்பா எப்படி இருக்கார்?' என்பதுதான்.

நான் எழுதிக்கொண்டிருந்தது, முதியோர் உதவித்தொகை விண்ணப்பங்கள் அந்த அலுவலகத்தில் மாதக்கணக்கில் முடங்கிக் கிடப்பதைப் பற்றி. 'இன்னும் கொஞ்சம் விவரம் சேர்த்துக்கலாம்' என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். அடுத்த வாரம் வேறொரு பெரிய செய்தி வந்தது. அதற்கடுத்த வாரம் இது பழசாகிவிட்டது. கட்டுரை கடைசி வரைக்கும் அச்சேறவே இல்லை.

இதில் யார் லஞ்சம் வாங்கியது, யார் கொடுத்தது? லஞ்ச ஒழிப்புத் துறைக்காரர்கள் பினாப்தலீன் தடவிய நோட்டோடு வந்து, எங்கள் இருவர் விரலையும் கரைசலில் முக்கிப் பார்த்திருந்தாலும் தண்ணீர் சிவந்திருக்காது. அவ்வளவு சுத்தம்!

நான் பி.காம். படித்தவன். முதல் வருடம், முதல் பாடம்: 'பெறுபவரைப் பற்று வை, தருபவரை வரவு வை.' ஆள் சார்ந்த கணக்குகளுக்கான விதி இது. அதன்படி அன்று அதிகாரியின் பெயரில் ஒரு வரவு, என் பெயரில் ஒரு பற்று. எட்டு மாதத்தில் அதை நேர் செய்துவிட்டேன். பேரேடு டாலி ஆகிவிட்டது. ஒரு ஆடிட்டர் வந்தாலும் குறை சொல்ல முடியாது.

ஆனால், நாலாம் நம்பர் பாட்டி? உதவித்தொகைக்காக அலைந்தவர்கள்? நானும் அதிகாரியும் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டது எங்கள் சொந்தச் சொத்து அல்ல. அவர் எனக்குக் கொடுத்தது, பாட்டி காத்திருந்து சம்பாதித்த நேரம். நான் அவருக்குக் கொடுத்தது, வாசகருக்குச் சேரவேண்டிய செய்தி. இரண்டு பேரும் அடுத்தவர் பணத்தில் மொய் எழுதிக்கொண்டோம். நஷ்டம் யார் தலையில் விழுந்ததோ, அவர்களுக்கு எங்கள் புத்தகத்தில் ஒரு பக்கம்கூடக் கிடையாது. அதனால்தான் அது அவ்வளவு அழகாக டாலி ஆனது.

மொய் என்றதும் ஞாபகம் வருகிறது. புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களின் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கத்தில் ஆடி மாதம் பிறந்தால் மொய் விருந்து களை கட்டும். பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, கறிச்சோறு போடுவார்கள். ஒரு பக்கம் வரிசையாக உட்கார்ந்து மொய் எழுதுவார்கள். சில இடங்களில் இப்போது கம்ப்யூட்டர் ரசீதே வந்துவிட்டது. வாங்கிய தொகையை, அவர் விருந்து வைக்கும்போது கூடுதலாகப் போட்டுத் திருப்ப வேண்டும். அந்தப் பணத்தில் கிணறு வெட்டியவர்கள் உண்டு, கடை வைத்தவர்கள் உண்டு, பிள்ளையைப் படிக்க வைத்தவர்கள் உண்டு.

இதுவும் உதவிக்கு உதவி என்கிற பண்டமாற்றுதானே? ஆமாம். ஆனால் மூன்று வித்தியாசம் பாருங்கள். ஒன்று, போடுவது சொந்தப் பணம். இரண்டு, நோட்டில் எழுதுகிறார்கள். பத்துப் பேர் பார்க்கிறார்கள். மூன்று, கடன் எவ்வளவு என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆயிரம் வாங்கினால், திருப்பவேண்டியது ஆயிரமும் அதற்கு மேல் கொஞ்சமும்.

சிபாரிசில் இந்த மூன்றுமே கிடையாது. கொடுப்பது பொதுச் சொத்து. எங்கேயும் எழுதுவதில்லை. கடன் எவ்வளவு என்பதும் தெரியாது. ஒரு ஸ்கேனுக்கு என்ன விலை? ஒரு கட்டுரையா, இரண்டு கட்டுரையா? விலை தெரியாத கடனை அடைக்கவே முடியாது. லஞ்சம் கொடுத்தவன் ஐந்நூறு ரூபாயோடு கழன்றுகொள்வான். சிபாரிசு வாங்கியவன் ஆயுளுக்கும் 'நம்ம ஆளு' ஆகிவிடுகிறான்!

இந்த இடத்தில் நீங்கள் ஒரு நியாயமான கேள்வி கேட்கலாம். 'நன்றி மறக்கலாமா சார்? வள்ளுவரே ஒரு அதிகாரம் முழுக்க எழுதியிருக்காரே?'

நானும் இதே கேள்வியை எனக்குத் தெரிந்த, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் கேட்டேன். அவர் திருக்குறளை எடுத்து என் முன்னால் வைத்தார். 'பதினோராவது அதிகாரம் என்ன?' 'செய்ந்நன்றி அறிதல், ஐயா.' 'அடுத்தது?' புரட்டினேன். பன்னிரண்டாவது அதிகாரம், நடுவு நிலைமை.

'இதை ஏன் அங்கே கொண்டுபோய் வெச்சார்னு யோசிச்சியா? பரிமேலழகர் காரணம் சொல்றார், படி' என்றார். படித்தேன். நமக்கு நன்மை செய்தவர்களிடம், அந்த நன்மையை நினைக்கும்போது நம் நடுவுநிலைமை குலையும் அல்லவா, அப்படிப்பட்ட இடத்திலும் அது குலையக் கூடாது என்று சொல்வதற்காகத்தான் நன்றி அறிதலுக்கு அடுத்து இந்த அதிகாரம் வைக்கப்பட்டது என்று பொருள்படும் ஒரு குறிப்பு.

எனக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எட்டு மாதம் கழித்து வந்த அந்த போனைப் பற்றி, 13-ம் நூற்றாண்டு உரைக்காரருக்கு எப்படித் தெரிந்தது?

நாம் எல்லோரும் பதினோராவது அதிகாரம் வரைக்கும் நன்றாகப் படித்துவிட்டோம். பன்னிரண்டுக்குப் பக்கத்தைத் திருப்பவே இல்லை. கோளாறு அங்கேதான்.

நம் நாட்டில் ஊழல் பெருகியதற்கு ஜனங்களிடம் நேர்மை குறைந்ததுதான் காரணம் என்று மேடைதோறும் பேசுகிறார்கள். எனக்கு அதில் சந்தேகம் இருக்கிறது. நம் ஊழலில் பெரும்பகுதி நேர்மையின் முதுகில் ஏறித்தான் சவாரி செய்கிறது. 2009 ஜனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தலை நினைத்துப் பாருங்கள். ஓட்டுக்குப் பணம் கொடுக்கும் முறைக்கு 'திருமங்கலம் ஃபார்முலா' என்று பெயரே நிலைத்துவிட்டது. ஓட்டுச்சாவடிக்குள்ளே யார் எந்தப் பட்டனை அழுத்துகிறார் என்று எந்தக் கட்சிக்காரராலும் பார்க்க முடியாது. அப்படியிருந்தும் என்ன தைரியத்தில் முன்பணம் கொடுக்கிறார்கள்? 'வாங்கிட்டோம், மாத்திப் போட்டா மனசு உறுத்தும்' என்று நினைக்கிற ஜனங்கள் இன்னும் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில்தான். ஏழை வாக்காளரின் நன்றி உணர்ச்சிதான் அந்த வியாபாரத்துக்கு ஜாமீன். அது இல்லாவிட்டால் ஒருவரும் கவரோடு வாசலுக்கு வரமாட்டார்கள்.

சட்டத்துக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. 1988-ம் வருட ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018-ல் திருத்தியபோது 'முறையற்ற ஆதாயம்' என்ற சொல்லைக் கொண்டுவந்தார்கள். அந்த ஆதாயம் பணமாகவோ, பணத்தால் அளக்கக்கூடியதாகவோ இருக்கவேண்டிய அவசியம் இல்லை என்று சட்டமே சொல்கிறது. கொடுப்பவருக்கும் ஏழு வருடம் வரை சிறை உண்டு. கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் ஏழு நாளைக்குள் புகார் செய்துவிட்டால் தப்பிக்கலாம். எல்லாம் சரி. 'அப்பா எப்படி இருக்கார்?' என்று கேட்டதை எந்தக் கோர்ட்டில் நிரூபிப்பது?

சில இடங்களில் அரசாங்கமே சிபாரிசுக்கு முத்திரை குத்தி, அதைத் திட்டமாகவே நடத்தியிருக்கிறது. கேந்திரிய வித்யாலயா பள்ளிகளில் ஒவ்வொரு எம்.பி.யும் வருடத்துக்குப் பத்துப் பிள்ளைகளைச் சிபாரிசு செய்யலாம் என்றிருந்தது தெரியுமல்லவா? மக்களவை 543, மாநிலங்களவை 245. மொத்தம் 788 பேர். பத்தால் பெருக்கினால் 7,880 இடங்கள். கல்வி அமைச்சருக்குத் தனி ஒதுக்கீடு வேறு. இவை வகுப்பின் வழக்கமான எண்ணிக்கைக்கு மேலே தரப்பட்ட இடங்கள். 'அப்போ யாருக்கும் நஷ்டம் இல்லையே?' என்று தோன்றும். ஆனால் ஒரு வகுப்பில் ஒரு பெஞ்ச் கூடுதலாகப் போட முடியும் என்றால், முறைப்படி விண்ணப்பித்துக் காத்திருப்போர் பட்டியலில் நின்ற அடுத்த பிள்ளைதானே அதில் உட்கார்ந்திருக்க வேண்டும்? அந்தப் பிள்ளையின் அப்பாவுக்கு எம்.பி.யைத் தெரியாது. அவ்வளவுதான் அந்தப் பிள்ளை செய்த குற்றம்.

இந்தக் கதையின் முடிவுதான் சுவாரஸ்யம். அமைச்சரின் ஒதுக்கீடு 2021-ல் போனது. எம்.பி. ஒதுக்கீடு 2022 ஏப்ரலில் போனது. அதற்குக் கொஞ்சம் முன்புதான் நாடாளுமன்றத்தில் எம்.பி.க்களே எழுந்து, 'ஒண்ணு எண்ணிக்கையைக் கூட்டுங்க, இல்லாட்டி ஒழிச்சுக்கட்டுங்க' என்கிற ரீதியில் புலம்பியிருந்தார்கள். ஏன்? கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு தொகுதியில் ஐந்நூறு பேர் வந்து கேட்டதாக வைத்துக்கொள்வோம். பத்துப் பேருக்குக் கொடுத்தால் பத்து நன்றி. பாக்கி நானூற்றுத் தொண்ணூறு வயிற்றெரிச்சல்! சிபாரிசு செய்பவருக்கே கையைச் சுட்ட பிறகுதான் அது ஒழிந்தது.

அதற்கு முன்னால் பெட்ரோல் பங்க் இருந்தது. அமைச்சர் தன் விருப்பப்படி கொடுத்த 15 பெட்ரோல் பங்க்குகளை 1996-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அன்றைய பெட்ரோலிய அமைச்சருக்கு 50 லட்ச ரூபாய் அபராதமும் போட்டது. 1999-ல் மறுசீராய்வில் அந்த அபராதம் நீங்கிவிட்டது என்பது தனிக்கதை. பொதுச் சொத்தை 'நம்ம ஆளு'க்கு எடுத்துக் கொடுக்க அமைச்சர் என்ன, பங்காளியா என்பதுதான் அன்று எழுந்த கேள்வி.

நாற்பதைத் தாண்டிய வாசகர்களுக்கு இன்னொன்றும் ஞாபகம் இருக்கும். வீட்டுக்கு போன் வேண்டுமென்றால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எம்.பி. கடிதம் இருந்தால் சீக்கிரம் வரும். கேஸ் இணைப்புக்கு எம்.பி. கூப்பன். பஜாஜ் ஸ்கூட்டருக்கும் பல வருடக் காத்திருப்பு. இன்றைக்கு போனுக்காக யாராவது எம்.பி. வீட்டு வாசலில் நிற்கிறார்களா? கம்பெனிக்காரன் நம்மைத் துரத்தித் துரத்தி சிம் கார்டு விற்கிறான். நடுவில் நாம் என்ன திடீரென்று உத்தமர்களாகிவிட்டோமா? இல்லை, தட்டுப்பாடு ஒழிந்தது. தட்டுப்பாட்டோடு சேர்ந்து சிபாரிசும் ஒழிந்தது.

சோவியத் ரஷ்யாவில் இதற்கு 'பிளாட்' என்று ஒரு சொல்லே வைத்திருந்தார்கள். கடையில் சரக்கு இருக்காது. கையில் ரூபிள் இருந்தும் பிரயோஜனம் இல்லை. கடைக்காரரைத் தெரிந்தவர், டாக்டரைத் தெரிந்தவர், தியேட்டர் டிக்கெட் கொடுப்பவரைத் தெரிந்தவர் என்று ஆள் பிடித்துத்தான் வாழ்க்கை ஓடியது. நூறு ரூபிளைவிட நூறு நண்பர்கள் மேல் என்று அங்கே ஒரு பழமொழி உண்டு. அலெனா லெடெனேவா என்ற ஆய்வாளர் இதைப் பற்றி 1998-ல் ஒரு புத்தகமே எழுதினார். அவர் கண்டுபிடித்ததில் எனக்குப் பிடித்தது இதுதான்: ஜனங்கள் அடுத்தவர் செய்தால் அதை 'பிளாட்' என்றார்கள். தாங்கள் செய்தால் 'நட்புக்காகச் செய்த உதவி' என்றார்கள்.

நம் ஊர் நிலவரம் எப்படி என்று நான் தனியாகச் சொல்ல வேண்டுமா?

'எல்லாம் சரி சார். ஆனா சிபாரிசு இல்லாம இந்த நாட்டுல ஏழைக்கு எதுவுமே நடக்காதே! கவுன்சிலர் ஒரு வார்த்தை சொன்னாத்தான் எங்க பாட்டிக்கு பென்ஷனே வந்துச்சு' என்று ஒரு வாசகர் கேட்பார். கேட்க வேண்டும். இது சாதாரண வாதம் அல்ல. நடையாய் நடந்து ஓய்ந்தவரிடம் போய் நடுவுநிலைமை பற்றிப் பிரசங்கம் செய்ய எனக்கு வாயில்லை.

ஆனால் இரண்டையும் பிரித்துப் பார்ப்போம். எனக்கு உரியது எனக்கு வராமல் நிற்கிறது, அதைத் தள்ளிவிட ஆள் தேடுகிறேன் என்றால் அது ஒன்று. அடுத்தவருக்கு உரியது எனக்கு வேண்டும், அதற்கு ஆள் தேடுகிறேன் என்றால் அது வேறு. முதலாவதில் நான் பாதிக்கப்பட்டவன். இரண்டாவதில் நான் பங்காளி. பென்ஷன் பாட்டி முதல் வகை. ஸ்கேன் அறைக்குள் புகுந்த நான் இரண்டாம் வகை.

அதே சமயம் அந்த கவுன்சிலரையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பாட்டிக்குச் சட்டப்படி வரவேண்டிய பென்ஷனை அலுவலகம் ஒழுங்காகக் கொடுத்திருந்தால், கவுன்சிலருக்கு அங்கே என்ன வேலை? உரிமை தாமதமானால்தான் அதை உதவியாக விற்க முடியும். அதனால் சிபாரிசில் பிழைப்பவர்கள் யாரும் வரிசையைச் சீர்செய்ய விரும்ப மாட்டார்கள். வரிசை ஒழுங்காக நகர்ந்தால் அவர்கள் வாசலுக்கு ஒருவரும் வரமாட்டார்கள்.

நம்மால் முடியாதா? முடியும். முடிந்திருக்கிறது. 1997-ல் தொடங்கிய இன்ஜினீயரிங் ஒற்றைச் சாளர கவுன்சலிங்கைப் பாருங்கள். ரேங்க் பட்டியல் ஊரறிய இருக்கிறது. இரண்டு பேர் எல்லாவற்றிலும் சமமாக வந்தால் ரேண்டம் நம்பர் போட்டுத் தீர்க்கிறார்கள். மந்திரி மகனாக இருந்தாலும் அந்த நம்பரை மாற்றச் சொல்லிக் கேட்க முடியாது.

சமவாய்ப்புக் குலுக்கல் நமக்குப் புதுசும் அல்ல. உத்திரமேரூர்க் கல்வெட்டு, பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921. குடவோலையில் பெயர்களைப் போட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாத இன்னொரு பகுதி இருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது. அவர் மட்டுமல்ல, சித்தி, பெரியம்மா மகன், அத்தை மகன், மாமன் மகன், மருமகன் என்று உறவுக்காரர்கள் பட்டியலே போட்டு, அவர்களும் கூடாது என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். 'நம்ம ஆளு' எங்கிருந்தெல்லாம் நுழைவான் என்று ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருந்தது!

ஆகவே வாசகர்களே, உதவியே செய்யாதீர்கள், கேட்காதீர்கள் என்று நான் சொல்லவரவில்லை. உங்கள் பணத்தை, உங்கள் ரத்தத்தை, உங்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தாராளமாகக் கொடுங்கள். வாங்கியவர் நன்றி மறக்காமல் இருக்கட்டும். அது மொய். அதனால்தான் ஊர் ஊராக இருக்கிறது. அடுத்த முறை போனைக் கையில் எடுக்கும்போது இரண்டே இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்பது, அவருடைய சொந்தப் பொருள்தானா? எனக்கு இது கிடைத்தால், யாருக்குக் கிடைக்காமல் போகும்?

இரண்டாவது கேள்விக்கு ஒரு முகம் மனதில் வந்தால் போனைக் கீழே வைத்துவிடுங்கள். நம் அப்பா படுக்கையில் கிடக்கும்போது அது லேசான காரியம் இல்லை, எனக்குத் தெரியும். மறுபடி அதே நிலைமை வந்தால் நான் போன் போடாமல் இருப்பேனா என்று கேட்டால், சத்தியம் செய்ய எனக்குத் துணிச்சல் இல்லை. ஆனால் எட்டு மாதம் கழித்து 'கொஞ்சம் பார்த்து...' என்று ஒரு குரல் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று இப்போது தெரியும். 'அப்பா நல்லா இருக்கார் சார், உங்க புண்ணியம். கட்டுரை இந்த வாரம் வருது.'

அந்தப் பாட்டிக்கு அன்று ஸ்கேன் எடுத்தார்களா, இல்லை, 'டைம் முடிஞ்சுது, நாளைக்கு வாங்க' என்று திருப்பி அனுப்பிவிட்டார்களா? நான் வெளியே வந்தபோது பெஞ்சில் அவர் இல்லை. யாரிடமும் விசாரிக்கவும் இல்லை. நான்தான் அப்போது அதிகாரிக்கு நன்றி சொல்ல போன் போட்டுக்கொண்டிருந்தேனே!